யார் கையால் போணி

புதுவாயல் கூட்ரோட்டில் மேம்பாலம் கட்டப் போகிறார்கள் என்று அளவெடுக்க வந்தவர்கள், சாலையோரம் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். அந்தக் கோடு நேராக வந்து, மெர்சியின் மேஜைக் கால்களுக்கு நடுவே புகுந்து, மறுபக்கமாகப் போய்விட்டது. மேஜையை இந்தப் பக்கம் நகர்த்தினால் சாக்கடை. அந்தப் பக்கம் நகர்த்தினால் கல்கத்தா ரோட்டு லாரி.

கோடு மட்டும் போட்டிருந்தால் பரவாயில்லை. பாலம் வந்துவிட்டால் இங்கே நின்று ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்களெல்லாம் தலைக்கு மேலே பறந்துவிடும். பஸ் நிற்காத இடத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவன் ஏது? பஸ்ஸுக்கு நிற்கிறவன் இல்லாத இடத்தில் சாப்பாட்டுப் பையை யார் வாங்குவது?

மெர்சி விற்றது அதைத்தான். பிளாஸ்டிக் குருணை வந்து இறங்கும் பெரிய வெள்ளைச் சாக்குகளைக் கம்பெனிகளில் வாங்கி, வெந்நீரில் அலசி, வெட்டித் தைப்பாள். அடியில் வட்டமாக ஓர் அட்டை, பக்கத்தில் ஸ்பூனுக்கு ஒரு பாக்கெட். மூன்றடுக்குத் தூக்கு உள்ளே உட்கார்ந்துவிட்டால், சிப்காட் ரோட்டில் பஸ் எப்படிக் குலுங்கினாலும் ரசம் நிமிர்ந்தே பயணம் செய்யும். சில பைகளில் சாக்கில் இருந்த அச்சு அப்படியே நிற்கும்: கொக்கி மாட்டாதே என்று ஒரு படமும், குடையும், மேல்நோக்கிய அம்பும். யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

அதற்கு முன் மெர்சி பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் லைனில் நின்றவள். அங்கே கழிவறைக்குப் போக ஒரு டோக்கன் வேண்டும். லைனுக்கு ஒரே டோக்கன். அது சூப்பர்வைசர் ஆரோக்கியமேரியின் கழுத்தில், ஜெபமாலைக்குப் பக்கத்திலேயே தொங்கும். கேட்டால் கொடுப்பாள், கேட்பதற்குத்தான் வரிசை. மெர்சி தண்ணீர் குடிப்பதையே நிறுத்திப் பார்த்தாள். கடைசியில் சிறுநீரகத்தில் கல் வந்து வேலையை விட்டாள்.

கோடு விழுந்த செய்தி தெரிந்ததும் ஆரோக்கியமேரி கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"இன்னாடி மெர்சி, பாலம் வருதாமே? கவலப்படாத. ஒண்ணாந்தேதி வரைக்கும் உன் எடத்துக்கு ஆள் போடாம பாத்துக்கறேன். வந்துடு."

அவள் நல்லவள். அதுதான் மெர்சிக்குத் தொல்லை. கெட்டவள் கூப்பிட்டிருந்தால் மறுத்துவிடலாம்.

வீட்டில் சாம்சன், ரோலிங் மில்லில் ஒப்பந்தத் தொழிலாளி, சொன்னான்: "போயேன். தலைக்கு மேல ஃபேனு, பி.எஃப். பிடிப்பான். டோக்கன் தானே? மாட்டிக்கினு திரியுற நகைன்னு நெனச்சுக்கோ."

"நகைய அவங்க மாட்டிக்கினு இருக்காங்க. நான் கேட்டு வாங்கணும்" என்றாள் மெர்சி.

இந்த நேரத்தில்தான் வீரராகவன் இணையத்தைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தது தானே என்பது போலத்தான் அவர் பேசுவார். கும்மிடிப்பூண்டி பஜாரில் 'குளோபல் பிரவுசிங் சென்டர்' வைத்திருந்தார். கூடவே, 'கும்மிடிப்பூண்டி வட்டாரச் சிறுதொழில் முனைவோர் நவீன மின்வணிக முன்னேற்றப் பேரவை'யின் நிறுவனத் தலைவரும் அவர்தான். பேரவையின் பெயர்ப்பலகை கடையின் அகலத்துக்கு அடங்கவில்லை. கடைசிச் சொல் மட்டும் பக்கத்துச் சலூனின் நெற்றியில் போய் உட்கார்ந்தது. அதனால் பஜாரில் சவரத்துக்குப் போகிறவர்கள் "பேரவைக்குப் போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள்.

மெர்சி போனபோது சுவரில் ஒரு பெரிய அட்டவணை ஒட்டியிருந்தது.

"ஒப்பாய்வு, மிஸஸ் மெர்சி. கம்பேரட்டிவ் ஸ்டடி" என்றார் வீரராகவன். "நம்ம மாதிரி சிறு வியாபாரிங்களுக்கு நெட்ல கடை போட எடம் தர்ற தளங்கள் மூணு இருக்கு. ராஜ்மண்டி, ஈஸிஷட்டர், நமகடை. மூணையும் நூறு கோணத்துல ஆராய்ஞ்சிருக்கேன்."

மெர்சி அட்டவணையைப் பார்த்தாள். லோகோவின் நிறம், பெயரை உச்சரிக்க எளிமை, முதல் பக்கத்தில் உள்ள படங்களின் கம்பீரம் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது.

"சார், பை பிடிக்கலன்னு திருப்பி அனுப்பினா அந்தக் கூரியர் செலவு யாருது?"

"அது ஆபரேஷனல் லெவல். நாம இப்போ ஸ்ட்ராட்டஜி லெவல்ல இருக்கோம்."

"கூரியர்காரன் புதுவாயலுக்கு வருவானா சார்? போன மாசம் எங்க அண்ணன் அனுப்புன பார்சல, செங்குன்றத்துல வந்து எடுத்துக்கோன்னுட்டான்."

"வருவான்னு நம்பணும். நம்பிக்கைதான் ஈ-காமர்ஸோட அஸ்திவாரம்."

"கடைக்கு ஆள் எப்டி சார் வரும்? இங்கன்னா பஸ் நிக்குது. அங்க இன்னா நிக்கும்?"

வீரராகவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் தெரியாதபோதெல்லாம் அவர் கண்ணாடி அழுக்காகிவிடும். இணையத்தில் அவர் ஆயுளில் வாங்கிய ஒரே பொருள் ரயில் டிக்கெட். அதுவும் வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுபோய், அவர் நின்றுகொண்டே ஊருக்குப் போய்வந்தார்.

இருந்தாலும் மெர்சி கேட்டுக் கேட்டு, திரையில் அவளே எழுத்துக்கூட்டிப் படித்து, ஒருவாறு மூன்றையும் பிரித்துக்கொண்டாள். ராஜ்மண்டி பெரிய சந்தை. கூட்டம் தானே வரும். கடை போடக் காசில்லை. விற்றால் அதில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்கள். ஈஸிஷட்டரில் கடை முழுக்க நம் பெயரில், மாத வாடகை, விற்றதெல்லாம் நமக்கே, ஆனால் ஆளை நாம்தான் கூட்டிவர வேண்டும். நமகடை இரண்டுக்கும் நடுவே: சின்னச் சந்தை, சின்ன வாடகை, சின்னப் பங்கு. எது சரி? ஒன்றில் இறங்கி அது தப்பாகப் போனால் இன்னொன்றுக்கு நேரமில்லை. ஒண்ணாந்தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. மெர்சிக்கு இரவில் மூன்று பெயர்களும் மாறி மாறி வந்தன. மூன்றுக்கும் பின்னால் டோக்கன் ஆடியது.

"மூணுலயும் போட்டுடலாம்" என்றார் வீரராகவன். "ஆய்வுக்கு ஆய்வு, வியாபாரத்துக்கு வியாபாரம்."

போட்டார்கள். வீரராகவன் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினார். சாப்பாட்டுப் பை என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. 'பிரீமியம் சுற்றுச்சூழல் நேச உணவுப் போக்குவரத்துத் தீர்வு' என்று ஆங்கிலத்தில் எழுதினார். படத்துக்காகப் பையைப் பிளாஸ்டிக் ரோஜாக்களுக்கு நடுவில் வைத்தார். அது யாருக்கோ அஞ்சலி செலுத்துவது போல இருந்தது.

இனி கடையைத் திறக்க வேண்டியதுதான் என்றபோது, மெர்சி சொன்னாள்: "வஹாப் பாய் போணி பண்ணாம நான் தொறக்க மாட்டேன் சார்."

இதைக் கொஞ்சம் விளக்கிவிட வேண்டும். அப்துல் வஹாப், பழவேற்காட்டுக்காரர், புதுவாயல் கூட்ரோட்டில் மெர்சியின் மேஜைக்குப் பக்கத்துக் கடைக்காரர். குடை, டார்ச் லைட், பூட்டு விற்கிறார். அவர் கை ராசியான கை என்பது அந்தப் பக்கத்தில் முடிந்த முடிவு. புதுக் கடை எது திறந்தாலும் முதல் வியாபாரம், அதாவது போணி, அவர் கையால்தான். மருந்துக்கடை திறந்தபோது, நோய் எதுவும் இல்லாத பாய் ஒரு தெர்மாமீட்டர் வாங்கினார். புதுவாயலில் சலூன் திறந்தபோது வழுக்கைத் தலையைக் கொடுத்து முடிவெட்டிக்கொண்டார். மெர்சியின் முதல் பையை வாங்கியதும் அவர்தான். காலை வேளையில் அவர் யாருக்கும் கை கொடுப்பதில்லை. ராசி சும்மா இறங்கிவிடும் என்று கைக்குட்டையில் சுற்றி வைத்திருப்பார். வியாபாரம் சுமாராக நடந்த கடை ஒன்றே ஒன்றுதான்: அவருடையது. தன் கடையில் தானே போணி பண்ணக் கூடாது, அது வியாபாரத்தில் பாவம்.

"வெள்ளிக்கிழம வெச்சுக்கலாம்" என்றார் பாய். அன்று பத்தரைக்கு மேல் ராகுகாலம் என்றார் வீரராகவன். ராகுகாலம் முடிந்தால் ஜும்ஆ தொழுகை என்றார் பாய். ஜும்ஆவுக்கு முன்பே கரண்ட் போய்விடும் என்றாள் மெர்சி. மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த அந்த ஆண்டில் கரண்ட்தான் எல்லாருக்கும் பெரிய சாமி. எனவே காலையில், மூன்று பேருக்கும் சம்மதமான ஒரு சின்னச் சந்தில் நேரம் குறித்தார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று கம்ப்யூட்டருக்கும் சாமந்தி மாலை. பாய் அத்தர் பூசிக்கொண்டு வந்தார். கைக்குட்டையை அவிழ்த்தார்.

"எதுக்கு மொதல்ல?"

"மூணுக்கும் ஒண்ணா பாய்" என்றாள் மெர்சி. "ஒண்ணு முந்துனா இன்னொண்ணு கோச்சுக்கும்."

"இருக்கறது ஒரே வலது கை, தாயீ."

அவர் மூன்று நாற்காலிகளில் மாறி மாறி உட்கார்ந்தார். ஒவ்வொன்றிலும் வாங்குபவரின் மின்னஞ்சல் கேட்டது. பாய்க்கு மின்னஞ்சல் இல்லை. வீரராகவன் மெர்சிக்கு ஒன்று தொடங்கிக் கொடுத்திருந்தார், அதையே போட்டார்கள். கார்டு கேட்டது. வீரராகவன் எவ்வளவோ காலமாக எடுத்துக்காட்டக் காத்திருந்த கிரெடிட் கார்டைப் பையிலிருந்து எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, எண்ணைத் தட்டினார். முகவரி: அப்துல் வஹாப், மெர்சி மேஜை அருகில், புதுவாயல் கூட்ரோடு. மூன்று தடவை "பிஸ்மில்லா" சொல்லி மூன்று தடவை பாய் அழுத்தினார். மூன்றாவது அழுத்தலில் கரண்ட் போனது. ஆனால் ஆர்டர் போய்விட்டிருந்தது.

"பாத்தியா? கரண்டே பணிஞ்சிடுச்சு" என்றார் பாய், கையை மறுபடி சுற்றிக்கொண்டு.

மெர்சி அன்று வயிறாரத் தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் வீரராகவன் சொல்லியனுப்பினார், உடனே வரும்படி. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததுமே மெர்சிக்குப் புரிந்துவிட்டது.

ராஜ்மண்டியிலிருந்து வந்த கடிதம் சுருக்கமானது. விற்பவரே வாங்குபவராக நடித்துத் தன் சரக்கைத் தானே வாங்கி, நல்ல பெயர் தேடிக்கொள்வது மோசடி. கடை நிரந்தரமாக மூடப்பட்டது. இனி இந்தப் பெயரில், இந்தக் கார்டில், இந்த இடத்திலிருந்து யாரும் கடை போட முடியாது.

"இதுல ஃப்ராட்னு போட்டிருக்கு சார்."

"டெக்னிக்கலா அதுக்கு 'சிறு சந்தேகம்'னு அர்த்தம்."

"அந்த வார்த்த எனக்குத் தெரியும் சார். சீட்டுக் கம்பெனிக்காரன் ஓடுனப்ப கும்மிடிப்பூண்டி முழுக்கக் கத்துக்கிச்சு." அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்தாள். "நான் யார ஏமாத்துனேன்?"

ஈஸிஷட்டரிலிருந்து வாழ்த்து வந்திருந்தது. முதல் விற்பனைக்குப் பாராட்டுகள். அடுத்த மாத வாடகையை மறக்க வேண்டாம். அந்தக் கடைக்கு வந்துபோனவர்களின் எண்ணிக்கையும் ஒரு மூலையில் தெரிந்தது. வந்துபோனது வீரராகவன் ஒருவர்தான். ஒவ்வொரு முறை எட்டிப் பார்த்தபோதும் அது அவரைப் புது ஆளாக வரவேற்றிருந்தது.

நமகடையிலிருந்து வந்தது கேள்வி. 'உங்கள் முதல் விற்பனை வழக்கத்துக்கு மாறாக உள்ளது. கடையைத் தற்காலிகமாக நிறுத்தியுள்ளோம். விளக்கம் சொல்ல இந்த எண்ணில் அழைக்கவும்.'

"நான் ஒரு விளக்க அறிக்கை தயார் பண்ணிட்டேன்" என்றார் வீரராகவன். தொன்மையான திராவிட வணிக மரபில் மங்கலத் தொடக்கம் குறித்த மானுடவியல் முன்னுரை என்று அது ஆரம்பித்தது. மூன்றாம் பக்கத்தில்தான் பை வந்தது.

மெர்சி எண்ணை மட்டும் கையில் எழுதிக்கொண்டு புதுவாயலுக்கு பஸ் ஏறினாள். பாயின் கடை போனை எடுத்து, பாட்டு ஒன்று முடியும்வரை காதில் வைத்துக்கொண்டிருந்தாள். பாய் குடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வணக்கம், நமகடை, உங்களுக்கு எந்த வகையில் உதவலாம்?" ஒரு பெண் குரல், ஒப்பிப்பது போல.

மெர்சி சொன்னாள். முன்னும் பின்னுமாகச் சொன்னாள். பாலத்தில் ஆரம்பித்துத் திரும்பி பைக்கு வந்தாள்.

"மேடம், வாங்கினவர் மின்னஞ்சலும் உங்களுது. முகவரி உங்க கடைக்குப் பக்கத்துல. அப்போ நீங்களே உங்க பொருளை வாங்கியிருக்கீங்க, சரிங்களா?"

"நான் வாங்கல மேடம். பாய் வாங்குனாரு. போணிக்கு."

"எதுக்கு?"

"போணிம்மா. கை ராசி. மொத யாவாரம் நல்ல கைல ஆவணும்ல?"

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் நின்றது. இதோ, இவளும் அந்த வார்த்தையைச் சொல்லப் போகிறாள்.

"எங்க அப்பா பாரிஸ் கார்னர்ல பிளாஸ்டிக் சாமான் கடை வெச்சிருக்காரு" என்றது குரல், திடீரென்று வேறு யாரோ பேசுவது போலத் தாழ்ந்து. "போணி ஆகாம பால்காரருக்குக்கூட காசு குடுக்க மாட்டாரு." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்பியது. "மேடம், இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது. உங்க கடையைத் திறந்து விடச் சொல்றேன். ஆனா தெரிஞ்சவங்க யாரும் வாங்கக் கூடாது. சொந்தக்காரங்க, பக்கத்துக் கடைக்காரங்க, அந்தப் பேரவைத் தலைவர் யாரும். இன்னொரு வாட்டி ஆனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அப்புறம்..."

"சொல்லுங்கம்மா."

"அந்த ரோஜாப் பூவ எடுத்துடுங்க. சாப்பாட்டுப் பைன்னு போடுங்க. தூக்கு உள்ள இருக்கற மாதிரி போட்டோ எடுங்க. எங்களுக்கே என்ன பொருள்னு புரியல."

மெர்சி போனை வைத்தாள்.

"இன்னா சொல்றாங்க?" என்றார் பாய்.

"போணி கெடையாதாம் பாய். தெரியாத கைதான் மொத கையாம்."

பாய் அதிர்ந்துபோனார். "தெரியாத கையா? எவன் கையோ, எந்தத் தரித்திரம் புடிச்ச கையோ! அத நம்பி கடையா? நல்லா பேஜாரு பண்றானுங்க." கொஞ்சம் யோசித்தார். "நெல்லூர்ல என் மச்சான் இருக்கான். அவன் பேர்ல..."

"வேணாம் பாய்!" மெர்சி கிட்டத்தட்டக் கத்தினாள். "உன் கால்ல உழறேன். அந்தக் கையக் கொஞ்ச நாளைக்குச் சும்மா வை."

கடை திறந்தது. ராசியான கை படாமல், மாலை இல்லாமல், தூக்கு உள்ளே நிற்கும் படத்தோடு திறந்தது. மெர்சி தினமும் மேஜையை மூடிவிட்டு பிரவுசிங் சென்டருக்குப் போவாள். வீரராகவன் ஆர்டர் இல்லை என்று தலையாட்டுவார். பக்கத்தில் ஆய்வு அட்டவணையில் ராஜ்மண்டி மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, 'தளத்தின் தரம் குறைவு' என்று. போணியில்லாத கடையில் தான் எப்படி மனம் துணிந்து உட்கார்ந்தோம் என்று மெர்சிக்கு ஒவ்வொரு நாளும் பயம் ஏறியது. கேட்டிருக்கக் கூடாதா, போனில் பேசிய அந்தப் பெண்ணிடமே ஒன்று வாங்கச் சொல்லி? அவளும் இப்போது தெரிந்தவளாகிவிட்டாளோ?

ஒண்ணாந்தேதி காலையில் மெர்சி பேக்கிங் லைனில் போடும் யூனிபார்ம் மேல்சட்டையை எடுத்துத் தன் பை ஒன்றிலேயே வைத்துக்கொண்டு கூட்ரோட்டில் நின்றாள். மேஜை மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. சாம்சன் தண்ணீர் பாட்டிலை மட்டும் கையில் கொடுத்து, "குடி, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டான். அவள் குடிக்கவில்லை. பழக்கம் அதற்குள் திரும்பி வந்துவிட்டது.

கம்பெனி பஸ் வந்து நின்றது. ஜன்னலில் ஆரோக்கியமேரி. கழுத்தில் ஜெபமாலை, பக்கத்தில் அது.

"ஏறுடி. எடம் புடிச்சு வெச்சிருக்கேன்."

மெர்சி படியில் கால் வைத்தாள். அப்போது ஒரு ஷேர் ஆட்டோ பஸ்ஸுக்குக் குறுக்கே வந்து நின்றது. அதிலிருந்து நிறுவனத் தலைவர் இறங்கினார், லுங்கியோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு. பேரவையின் வரலாற்றில் அவர் பேன்ட் இல்லாமல் பொதுமக்கள் முன் தோன்றியது அதுவே முதல் தடவை.

"மிஸஸ் மெர்சி! ஆர்டர்!"

ஒரு தாள். நமகடை. ஒரு பை. பெயர்: பூனம் திவாரி. ஊர்: சத்னா, மத்தியப் பிரதேசம்.

மெர்சி தாளை வாங்கவில்லை. "சார், உண்மைய சொல்லுங்க. இது உங்க சொந்தமா? உங்க சிநேகிதரா?"

"சத்யமா இல்ல. எனக்கு ஹிந்தியே தெரியாது."

"பாய்! உன் வேலையா?"

கடைக்குள்ளிருந்து பாய் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். "அல்லா மேல ஆணை. சத்னா எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது தாயீ."

பஸ் ஹாரன் அடித்தது. பின்னாலிருந்து யாரோ, "ஏறும்மா, இல்ல எறங்கு, கார்டு அடிக்க லேட்டாவுது" என்றார்கள்.

"அக்கா" என்றாள் மெர்சி, "ஒரு பை பேக் பண்ணணும்."

"ஒரு பைக்காடி? ஒத்தப் பைக்கா வேலய வுடற?"

"போணியாச்சே அக்கா."

ஆரோக்கியமேரி அவளைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். பஸ் நகர்ந்தது. அது கண்ணைவிட்டு மறைந்த பிறகுதான், தான் என்ன செய்தோம் என்று மெர்சிக்கு உறைத்தது. ஒரே ஒரு பை. கூரியர்காரன் வருவானா? சத்னாவில் ரோடு எப்படி இருக்கும், ரசம் நிமிர்ந்து நிற்குமா? அந்த ஊரில் ரசம் உண்டா?

தார்ப்பாயை விலக்கி, தைத்து வைத்திருந்ததில் ஒவ்வொன்றாக எடுத்துத் தையலைப் பார்த்தாள். அம்பு நேராக மேல்நோக்கி நின்ற ஒரு பை தேறியது. அதைப் பழுப்புத் தாளில் மடித்தாள். வீரராகவன் ஒற்றைச் செருப்போடு நின்று, பேரவையின் முதல் வெற்றி என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பொம்பள கை" என்றார் பாய், வடக்கே கல்கத்தா ரோட்டைப் பார்த்தபடி. "எப்டிப்பட்ட கையோ."

"எப்டியிருந்தாலும் அதுதான் பாய் இனிமே."

பாய் பொட்டலத்தின் மேல் ஒரு தடவை கை வைக்க வந்தார், பழக்கதோஷம். பாதி வழியில் நினைவு வந்துவிட்டது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓரடி தள்ளி, சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

மெர்சி சணலை இழுத்து முடிச்சுப் போட்டாள். பிறகு சாம்சன் கொடுத்த பாட்டிலைத் திறந்து, முழுக்கக் குடித்தாள்.